திரையில் ஒரு போர்க்களம்: வரலாற்று உத்தி விளையாட்டுகள் குறித்துப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் மருத்துவமனையின் குழந்தைகள் நலப் பிரிவிற்கு வரும் பெற்றோர் பலர், காய்ச்சலுக்கும் இருமலுக்கும் மருந்துச் சீட்டைப் பெற்றுக்கொண்டு எழும்போது, சற்றுத் தயங்கி மற்றொரு கேள்வியையும் கேட்கின்றனர். பிள்ளை கணினியின் முன் அமர்ந்து கோட்டை கட்டுகிறான், படை திரட்டுகிறான், சாப்பிட அழைத்தாலும் எழுந்து வருவதில்லை. இதை அனுமதிக்கலாமா, தடுக்க வேண்டுமா என்பதே அக்கேள்வி. திருப்பத்தூர், வாணியம்பாடி, ஆம்பூர் வட்டாரங்களில் தாயும் தந்தையும் தோல் பதனிடும் ஆலைக்கோ காலணித் தொழிற்சாலைக்கோ வேலைக்குச் செல்லும் குடும்பங்கள் மிகுதி. மாலையில் பிள்ளைகளுடன் வீட்டில் இருப்பவர் பெரும்பாலும் பாட்டியோ மூத்த பிள்ளையோதான். ஆகவே இவ்விளையாட்டுகளைப் பற்றிப் பெற்றோர் தெளிவாக அறிந்து, வீட்டிலுள்ள அனைவரும் பின்பற்றத்தக்க ஒழுங்கு ஒன்றை வகுத்துக்கொள்வதற்கு உதவியாக இக்கட்டுரையை எழுதுகிறோம்.

கட்டுரையின் சாரத்தை முதலிலேயே கூறிவிடுகிறோம். ஒரு விளையாட்டு நல்லதா, தீயதா என்று கேட்பதற்கு முன்னர், அது முடிவுள்ள விளையாட்டா, முடிவற்ற விளையாட்டா என்று கேட்க வேண்டும். பெற்றோர் எடுக்க வேண்டிய பெரும்பாலான முடிவுகள் இந்த ஒரு கேள்வியின் விடையைப் பொறுத்தே அமைகின்றன.

இவை எத்தகைய விளையாட்டுகள்?

சதுரங்கத்தில் ஒருவர் காய் நகர்த்திய பின்னரே மற்றவர் நகர்த்துகிறார். சிந்திப்பதற்கு இடைவெளி உண்டு. ‘நிகழ்நேர உத்தி விளையாட்டு’ என அழைக்கப்படும் வகையில் அந்த இடைவெளி கிடையாது. இரு தரப்பினரும் ஒரே நேரத்தில் இயங்குகின்றனர். நாம் சிந்தித்துக்கொண்டிருக்கும்போதே எதிரி மரம் வெட்டிக்கொண்டும் படை திரட்டிக்கொண்டும் இருப்பான். இவ்வகையில் பண்டைய அரசுகளையும் போர்களையும் களமாகக் கொண்டவையே வரலாற்று உத்தி விளையாட்டுகள்.

இவற்றுள் மிகவும் அறியப்பட்டது ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ என்னும் வரிசை. அமெரிக்காவின் என்செம்பிள் ஸ்டூடியோஸ் நிறுவனம் உருவாக்கிய இதன் முதல் விளையாட்டை 1997ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. இடைக்கால அரசுகளைப் பற்றிய இரண்டாம் விளையாட்டு 1999இல் வந்தது. அதன் புதுப்பிக்கப்பட்ட பதிப்பு 2019இல் வெளிவந்து இன்றளவும் ஆடப்படுகிறது. இன்று தந்தையராக இருக்கும் சிலர் தங்கள் கல்லூரி நாட்களில் இணையக் கடைகளில் இதே விளையாட்டை ஆடியிருக்கக்கூடும். நான்காம் விளையாட்டு 2021இல் வந்தது. அதில் தில்லி சுல்தானகமும் ஓர் அரசாக இடம்பெறுகிறது.

இரண்டாம் விளையாட்டின் நடைமுறை எளிது. தொடக்கத்தில் ஊர் மன்றமும் ஒரு சில குடியானவர்களும் நம் பொறுப்பில் இருப்பர். அவர்களைக் கொண்டு உணவு, மரம், பொன், கல் ஆகிய நான்கு செல்வங்களைத் திரட்ட வேண்டும். திரட்டியதைச் செலவிட்டு வீடும் வயலும் படைச்சாலையும் அமைக்க வேண்டும். இருண்ட காலத்தில் தொடங்கும் ஊர் நிலவுடைமைக் காலம், கோட்டைக் காலம், பேரரசுக் காலம் என வளர்ந்து செல்லும். வழக்கமான ஆட்டத்தில் ஒருவர் 200 பேர் வரை வைத்துக்கொள்ளலாம். எத்தனை பேரை வயலுக்கு அனுப்புவது, எத்தனை பேரைப் படையில் சேர்ப்பது என்று ஒவ்வொரு கணமும் முடிவெடுப்பதே ஆட்டத்தின் உயிர். சம்பளப் பணத்தை வாடகைக்கும் மளிகைக்கும் பள்ளிக் கட்டணத்திற்கும் பங்கிடும் குடும்பத் தலைவிக்கு இந்தக் கணக்கு புதிதாகத் தோன்றாது.

அழைத்தால் ஏன் எழுந்து வருவதில்லை?

இந்நடைமுறையை அறிந்துகொண்டால், வீட்டில் எழும் சச்சரவுகளில் பெரும்பகுதிக்குக் காரணம் விளங்கிவிடும். ஓர் ஆட்டம் முடிய ஏறத்தாழ அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகலாம். சில வேளைகளில் அதற்கும் மேலாகலாம். கணினியை எதிர்த்துத் தனியாக ஆடும்போது ஆட்டத்தை இடையில் நிறுத்திவைக்கவும், சேமித்து மறுநாள் தொடரவும் வசதி உண்டு. இணையம் வழியாகப் பிறருடன் ஆடும்போது நிலைமை வேறு. ஒருவர் நிறுத்தினால் அனைவருக்கும் ஆட்டம் நின்றுவிடும். நடுவில் வெளியேறினால் அது தோல்வியாகக் கொள்ளப்படும்; அணியாக ஆடினால் உடன் ஆடும் நண்பர்களும் பாதிக்கப்படுவர். பத்து நிமிடத்தில் முடியவிருக்கும் ஆட்டத்தின் நடுவே மின்னிணைப்பைத் துண்டிப்பது, கபடி ஆட்டத்தின் கடைசிப் பாடலின்போது களத்திலிருந்து பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்து வருவதை ஒக்கும். கோபமும் பொய்யும் அவ்விடத்தில்தான் தொடங்குகின்றன.

எனவே கடிகாரத்தைக் காட்டுவதைவிட ஆட்டத்தை அளவாகக் கொள்வது பயன் தரும் என்பது எங்கள் கருத்து. ‘எட்டு மணிக்கு நிறுத்து’ என்பதற்குப் பதிலாக, ‘ஏழு மணிக்குப் பின்னர் புதிய ஆட்டம் தொடங்கக் கூடாது’ என்று கூறலாம். பள்ளி நாட்களில் தனி ஆட்டம் மட்டும். நண்பர்களுடன் ஆடும் ஆட்டம் விடுமுறை நாளில் மட்டும் என்று பிரித்துக்கொள்ளலாம். இவ்வொழுங்கைப் பாட்டியும் எளிதில் கண்காணிக்க இயலும். புதிய ஆட்டம் தொடங்கியதா, இல்லையா என்பதை மட்டும் அவர் பார்த்தால் போதும்.

முடிவற்ற விளையாட்டுகள்

மேற்கூறிய ஒழுங்கு முடிவுள்ள விளையாட்டிற்கே பொருந்தும். கைப்பேசியில் கிடைக்கும் சில விளையாட்டுகள் தோற்றத்தில் இவற்றை ஒத்திருந்தாலும் அமைப்பில் முற்றிலும் வேறானவை. ஃபின்லாந்து நாட்டு சூப்பர்செல் நிறுவனம் 2012இல் வெளியிட்ட ‘கிளாஷ் ஆஃப் கிளான்ஸ்’, வரலாற்றுக் காலங்களைப் பின்னணியாகக் கொண்டு 2015இல் வந்த ‘டாமினேஷன்ஸ்’ ஆகியவை இத்தகையவை. இவற்றைத் தரவிறக்கக் கட்டணம் இல்லை. ஆனால் ஒரு கட்டடம் எழும்ப முதலில் சில நிமிடங்களும், பின்னர் மணிக்கணக்கிலும், நாள்கணக்கிலும் காத்திருக்க வேண்டும். காத்திருக்க விரும்பாதவர் பணம் செலுத்தி அந்நேரத்தைச் சுருக்கிக்கொள்ளலாம். நாம் ஆடாத நேரத்திலும் பிறர் நம் ஊரைத் தாக்கக்கூடும். கூட்டணியில் சேர்ந்துவிட்டால், குறித்த நேரத்தில் போருக்கு வர வேண்டும் என்னும் எதிர்பார்ப்பும் சேர்ந்துகொள்கிறது.

இவற்றில் வெற்றி, தோல்வி என்று ஆட்டம் முடிவடைவதே இல்லை. நள்ளிரவில் ஒருமுறை எழுந்து கைப்பேசியைப் பார்க்கும் பழக்கம் பிள்ளைக்கு இருக்குமாயின், அதன் காரணம் பெரும்பாலும் இத்தகைய அமைப்பாகத்தான் இருக்கும். பெற்றோர் இருவகையையும் ஒன்றாகக் கருதி ஒரே விதமாகத் தடுப்பதைவிட, முடிவற்ற வகையில் கூடுதல் எச்சரிக்கை கொள்வது நலம். குறிப்பாக, வங்கி அட்டை எண்ணையும் யுபிஐ கடவு எண்ணையும் பிள்ளையின் கைப்பேசியில் பதிந்துவைக்க வேண்டாம். அறிவிப்பு ஒலிகளை அணைத்துவைக்க வேண்டும்.

பணம் கட்டி ஆடும் சூதாட்டச் செயலிகள் இவ்விரு வகையிலும் சேரா. தமிழ்நாட்டில் 2022ஆம் ஆண்டின் இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டம் உள்ளது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமும் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்கிறது. ‘ஆடி வென்றால் பணம்’ என்று எந்தச் செயலி அழைத்தாலும் அது பிள்ளைகளுக்கு உரியதன்று.

வயதும் பாதுகாப்பும்

விளையாட்டுகளுக்கு வயது வரம்பு குறிக்கும் அமைப்புகள் உள்ளன. ஐரோப்பாவின் ‘பெகி’ முறை ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ இரண்டாம், நான்காம் விளையாட்டுகளை 12 வயதிற்கு மேற்பட்டோருக்கு உரியவை என்கிறது. அமெரிக்க முறை அவற்றைப் பதின்ம வயதினருக்கு உரியவை என்கிறது. போர் இருந்தாலும், மிகுந்த உயரத்திலிருந்து காணும் சிறு உருவங்களாகவே வீரர்கள் தோன்றுவர். இரண்டாம் உலகப்போரைக் களமாகக் கொண்ட ‘கம்பெனி ஆஃப் ஹீரோஸ்’ அவ்வாறன்று. அதில் வன்முறை நெருக்கமாகக் காட்டப்படுவதால் அமெரிக்க முறை அதனை 17 வயதிற்கு மேற்பட்டோருக்கு என ஒதுக்கியுள்ளது. ‘வரலாற்று விளையாட்டு’ என்னும் பெயரை மட்டும் நம்பி வாங்கிவிடக் கூடாது என்பதற்கு இது சான்று.

அறிமுகமற்ற எவரோடும் உரையாடும் வசதி இணைய ஆட்டங்களில் உண்டு. வசைமொழியும், சில வேளைகளில் தீய நோக்கமும் அவ்வழியே வரக்கூடும். 12 முதல் 15 வயது வரையிலான பிள்ளைகள், பள்ளியில் உடன் படிக்கும் அறிந்த நண்பர்களுடன் மட்டும் ஆடுவது பாதுகாப்பானது. பெயர், பள்ளி, தொலைபேசி எண் ஆகியவற்றை யாருக்கும் தரக் கூடாதென்பதை முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். கணினி, கதவு மூடிய அறையில் இல்லாமல் கூடத்தில் இருப்பது நல்லது.

உடல்நலம் குறித்துச் சில சொற்கள்

முதலாவது உறக்கம். 6 முதல் 12 வயதுடையோருக்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயதுடையோருக்கு 8 முதல் 10 மணி நேரமும் உறக்கம் தேவை. போர் ஆட்டம் முடிந்தவுடன் மனம் அடங்கிவிடாது. ஆகவே படுக்கைக்குச் செல்வதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே திரை அணைந்திருக்க வேண்டும். கோடை விடுமுறையிலும் ரமலான் மாத இரவுகளிலும் வீட்டின் உறக்க நேரம் இயல்பாகவே மாறும். அந்நாட்களில் பகலில் எத்தனை மணி நேரம் உறங்கினர் என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். பள்ளி திறப்பதற்கு ஒரு வாரம் முன்னரே பழைய நேரத்திற்குத் திரும்புவது நலம்.

இரண்டாவது கண். 20 நிமிடத்திற்கு ஒருமுறை, 20 அடி தொலைவிலுள்ள பொருளை 20 நொடிகள் நோக்கினால் கண்ணின் களைப்புக் குறையும். நாள்தோறும் வெளியில் பகல் வெளிச்சத்தில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் இருப்பது, கிட்டப்பார்வை தோன்றும் வாய்ப்பைக் குறைக்க உதவும். கழுத்தும் மணிக்கட்டும் வலிக்கிறது எனப் பிள்ளை கூறினால், முதலில் நாற்காலியின் உயரத்தைப் பாருங்கள். திரை கண்மட்டத்திற்குச் சற்றுக் கீழேயும், கால்கள் தரையில் அல்லது பலகையின் மேலும் இருத்தல் வேண்டும்.

மூன்றாவது வலிப்பு. மின்னி மறையும் ஒளியால் வலிப்பு தூண்டப்படுவோர் மிகச் சிலரே. எனினும் பிள்ளைக்கு முன்னர் வலிப்பு வந்திருந்தால், திரை விளையாட்டு குறித்து மருத்துவரிடம் கேட்டே அனுமதிக்க வேண்டும். உறக்கமின்மையும் மாத்திரையைத் தவறவிடுவதும் வலிப்பைத் தூண்டக்கூடியவை. இரவு ஆட்டம் இவ்விரண்டிற்கும் வழிவகுக்கும். வலிப்பு வந்துவிட்டால் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்க வேண்டாம். கையில் இரும்புச் சாவியைக் கொடுப்பதால் பயன் ஏதுமில்லை. 5 நிமிடத்திற்குமேல் நீடித்தால் 108ஐ அழையுங்கள்.

திரை நேரம் குறித்து இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் தந்துள்ள வழிகாட்டுதலின்படி, 2 வயதிற்குட்பட்ட குழந்தைக்குத் திரை கூடாது. 2 முதல் 5 வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேற்படக் கூடாது. 5 முதல் 10 வயது வரை இரண்டு மணி நேரத்திற்குக் குறைவாக இருக்க வேண்டும். 10 வயதிற்கு மேல், உறக்கம், படிப்பு, உடற்பயிற்சி, குடும்பத்தாருடன் செலவிடும் நேரம் ஆகியவற்றைக் குறைக்காத அளவில் திரை அமைய வேண்டும். ஆட்டத்தின் அளவு மிகுகிறதா என்பதை அறிய, அது எதை அப்புறப்படுத்துகிறது என்று பாருங்கள். உறக்கம் குறையவில்லை, மாலையில் தெருவில் ஓடியாடுவது நிற்கவில்லை, வீட்டாருடன் அமர்ந்து உண்கிறான் என்றால் அஞ்ச வேண்டியதில்லை.

எப்போது மருத்துவரை நாட வேண்டும்?

உலக சுகாதார நிறுவனம் தனது 11ஆம் நோய் வகைப்பாட்டுப் பட்டியலில் ‘விளையாட்டுக் கோளாறு’ என்பதைச் சேர்த்துள்ளது. 2019இல் ஏற்கப்பட்ட இப்பட்டியல் 2022 சனவரி முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி மூன்று அறிகுறிகளைக் காண வேண்டும். ஆட்டத்தைத் தன் விருப்பப்படி நிறுத்த இயலாமை முதலாவது. பிற ஆர்வங்களையும் அன்றாடக் கடமைகளையும் பின்தள்ளி ஆட்டமே முதன்மையாதல் இரண்டாவது. தீமை விளைவதை அறிந்தும் தொடர்தல் அல்லது மிகுதல் மூன்றாவது. இவற்றால் குடும்பமும் கல்வியும் கடுமையாகப் பாதிக்கப்பட்டு, அந்நிலை பொதுவாக 12 மாதங்களேனும் நீடித்தாலே கோளாறு எனக் கொள்வர். தேர்வு விடுமுறையில் பத்து நாட்கள் மிகுதியாக ஆடிய பிள்ளையை ‘அடிமை’ என்று முத்திரையிடுவது தவறு. அச்சொல் பிள்ளையை மேலும் அறைக்குள் தள்ளும்.

ஆயினும் ஓராண்டு முடியட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். பிள்ளை பள்ளிக்குச் செல்ல மறுத்தால், வீட்டுப் பணத்தை மறைவாக எடுத்தால், திரையை அணைத்தவுடன் கைநீட்டினால், முன்பு விரும்பிய நண்பர்களை முற்றிலும் தவிர்த்தால், உடனே ஆலோசனை பெறுங்கள். மனச்சோர்வோ, பள்ளியில் நேரும் கேலியோ, படிப்பில் உள்ள இடர்ப்பாடோ அடியில் இருந்து, ஆட்டம் அதற்கு மறைவிடமாக அமைந்திருப்பதும் உண்டு. ‘டெலி மானஸ்’ என்னும் அரசின் மனநல உதவி எண் 14416. கட்டணமின்றி 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் தொழில்நுட்பப் பயன்பாட்டுச் சிக்கல்களுக்கென்றே 2014இல் தொடங்கப்பட்ட சிறப்புப் பிரிவு உள்ளது. சோலையார்பேட்டையிலிருந்து தொடர்வண்டியில் சென்றுவரக்கூடிய தொலைவே.

ஆட்டத்தால் நன்மை உண்டா?

2013இல் வெளியான ஓர் ஆய்வில், விளையாட்டுப் பழக்கம் மிகக் குறைவாக உள்ள இளம்பெண்களை 40 மணி நேரம் ஆட வைத்தனர். ‘ஸ்டார்கிராஃப்ட்’ என்னும் நிகழ்நேர உத்தி விளையாட்டை ஆடியோர், வேறு வகை விளையாட்டை ஆடியோரைவிட, ஒரு வேலையிலிருந்து மற்றொரு வேலைக்குக் கவனத்தை மாற்றும் திறனில் முன்னேறியிருந்தனர். இது சிறிய ஆய்வு, பெரியவர்களிடம் நடத்தப்பட்டது. இதனால் மதிப்பெண் உயரும் என்றோ, பிள்ளை பொறியாளர் ஆவான் என்றோ கூறுவதற்கில்லை. திட்டமிடுதல், தோல்வியை ஆராய்தல், நண்பருடன் பொறுப்பைப் பகிர்தல் ஆகியவற்றிற்கு இவ்வாட்டத்தில் இடமுண்டு என்று மட்டும் கூறலாம்.

வரலாற்றில் ஆர்வம் பிறப்பது மற்றொரு நன்மை. ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ இரண்டாம் விளையாட்டிற்கு 2022 ஏப்ரலில் வந்த ‘டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா’ என்னும் விரிவாக்கத்தில் திராவிடர், வங்காளியர், கூர்ச்சரர் என மூன்று புதிய அரசுகள் சேர்க்கப்பட்டன. திராவிடருக்குக் காலாட்படையும் கடற்படையும் வலிமை. சுருள்வாள் ஏந்திய வீரர்கள் அவர்களுடைய தனிச் சிறப்பு. அவ்வீரர்கள் தமிழிலேயே விடை கூறுகின்றனர். முதலாம் இராசேந்திர சோழனின் கதையும் அதில் ஆட்டமாக அமைந்துள்ளது. 1025ஆம் ஆண்டளவில் கடல் கடந்து ஸ்ரீவிஜயத்தின் மீதும் கடாரத்தின் மீதும் படையெடுத்த அரசனைப் பாடநூலில் நான்கு வரியில் படித்த பிள்ளை, இவ்வாட்டத்திற்குப் பின் வரைபடத்தை விரித்துக் கடாரம் எங்கே என்று தேடினால், அது பெற்றோர் பற்றிக்கொள்ள வேண்டிய தருணம்.

ஆனால் ஆட்டம் வரலாற்று நூலாகிவிடாது. 2007இல் வந்த ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ மூன்றாம் விளையாட்டின் ஆசிய விரிவாக்கத்தில் 1857 எழுச்சியைத் தழுவிய கதை ஒன்று உண்டு. அதன் முதன்மை மாந்தர் நானிப் சாஹிர் முழுக் கற்பனை. எது நிகழ்ந்தது, எது புனைந்தது என்று பிள்ளையிடம் கேட்டு, இருவரும் சேர்ந்து நூலகத்தில் தேடிப் பார்க்கலாம். அத்தேடலை நம் ஊரிலிருந்தே தொடங்கவும் முடியும். 1857க்கு 51 ஆண்டுகள் முன்னதாக, 1806 சூலை 10 அன்று, வேலூர்க் கோட்டையில் இந்தியச் சிப்பாய்கள் எழுச்சி செய்தனர். ஆம்பூருக்கு அருகே 1749 ஆகஸ்டில் நடந்த போரில் ஆற்காட்டு நவாப் அன்வருதீன்கான் கொல்லப்பட்டார். சந்தா சாகிபுக்கும் முசாபர் ஜங்குக்கும் துணையாகப் பிரெஞ்சுப் படை அதில் நின்றது. 1767 நவம்பரில் ஐதர் அலி திருப்பத்தூரையும் வாணியம்பாடியையும் கைப்பற்றி ஆம்பூர்க் கோட்டையை முற்றுகையிட்டார். கர்னல் ஸ்மித்தின் படை வந்து சேர்ந்தமையால் டிசம்பரில் முற்றுகை கைவிடப்பட்டது. திரையில் முற்றுகையிடும் பிள்ளை, நாள்தோறும் பேருந்தில் கடந்து செல்லும் ஊர்களிலேயே உண்மை முற்றுகைகள் நிகழ்ந்தன என்பதை அறியட்டும்.

ஆட்டத்தின் தொடக்கத்தில் மேயும் ஆடுகளை யார் முதலில் கண்டு கைப்பற்றுவது என்று ஒரு சிறு போட்டி நடக்கும். சவ்வாது மலையடிவாரத்திலும் நம் மாவட்டத்துச் சிற்றூர்கள் பலவற்றிலும் காணப்படும் நடுகற்களுள் சில, ஆநிரையைக் கவரும் பூசலில் அல்லது மீட்கும் போரில் உயிர்நீத்தவருக்காக எழுப்பப்பட்டவை. அங்கே இறந்தவர் எண்ணாக அமையவில்லை. அவருக்குப் பெயர் இருந்தது, ஊர் இருந்தது, அவரை நினைத்துக் கல் நட ஆட்கள் இருந்தனர். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளையை அழைத்துச் சென்று ஒரு நடுகல்லைக் காட்டினால், திரையில் மறையும் உருவங்களைப் பற்றி நாம் நீண்ட அறிவுரை கூற வேண்டியிராது.

ஆட்டத்தில் இல்லாத ஒன்று

மருத்துவமனையில் பணியாற்றுவோராகிய நாங்கள் இவ்விளையாட்டில் காணும் குறை ஒன்றுண்டு. அதில் காயம்பட்டவர் என்று எவரும் இல்லை. உயிரின் அளவு ஒரு புள்ளியாகக் குறைந்த வீரனும் முழு வலிமையோடு வாள் வீசுகிறான். அந்தப் புள்ளியும் போனால் விழுந்துவிடுகிறான். துறவியின் அருகே சற்று நின்றாலோ, கோட்டைக்குள் சற்றுத் தங்கினாலோ முழு நலம் பெற்றுவிடுகிறான். திராவிடருக்கு ‘மருத்துவப் பிரிவு’ என்னும் சிறப்புத் தொழில்நுட்பம் தரப்பட்டுள்ளது. அதுவும் யானைப் படைக்கு மட்டுமே பயன்படுகிறது. கைப்பேசி விளையாட்டுகளிலோ, காத்திருக்கும் காலத்தைப் பணத்தால் சுருக்கிக்கொள்ளலாம். முறிந்த எலும்பு கூடுவதற்கு எங்கள் வார்டில் எவராலும் அவ்வாறு நாட்களை வாங்கித் தர இயலாது.

உண்மையான சோழர் காலத்தில் நோயுற்றோருக்கு இடம் இருந்தது. வாணியம்பாடியையும் ஆம்பூரையும் தொட்டுச் செல்லும் நம் பாலாறு, கிழக்கே காஞ்சிபுரம் மாவட்டத்தில் செய்யாற்றோடும் வேகவதியோடும் கூடும் இடத்தில் திருமுக்கூடல் என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள பெருமாள் கோயிலில் இராசேந்திரனின் மகன் வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த அக்கல்வெட்டு, ‘வீரசோழன்’ என்னும் பெயருடன் 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலை, அதாவது மருத்துவமனை, அங்கு இயங்கியதைக் கூறுகிறது. மருத்துவர், அறுவை மருத்துவர், மூலிகை கொணர்வோர், நோயாளரைப் பேணும் பெண்கள் ஆகியோருக்கு எவ்வளவு ஊதியம் என்பதும், இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்களும் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. கடாரம் கொண்டான் கதையை ஆடும் பிள்ளைக்கு இந்த 15 படுக்கைகளின் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள். பேரரசு என்பது படைகளால் மட்டும் ஆனதன்று என்பதை இதைவிடத் தெளிவாக எடுத்துக்காட்ட எங்களுக்குத் தெரியவில்லை.

வீட்டில் கைக்கொள்ளத்தக்கவை

முதல் வாரத்தில் ஒரு நாளேனும் பிள்ளையின் அருகே அமர்ந்து ஓர் ஆட்டத்தை முழுவதும் பாருங்கள். என்ன செய்கிறாய், ஏன் செய்கிறாய் என்று கேளுங்கள். தன் ஆட்டத்தை அறிந்த பெற்றோர் கூறும் வரம்பைப் பிள்ளை எளிதில் ஏற்கும்.

விளையாட்டு முடிவுள்ளதா, முடிவற்றதா என்பதைக் கேட்டறிந்து, முடிவுள்ளதற்கு ஆட்டக் கணக்கிலும், முடிவற்றதற்கு நிமிடக் கணக்கிலும் வரம்பு வையுங்கள்.

வரம்பைப் பிள்ளையுடன் பேசி முடிவு செய்து, தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். தாய் ஒன்று, தந்தை ஒன்று, பாட்டி ஒன்று என்று கூறினால் எந்த ஒழுங்கும் நிலைக்காது.

இரவில் கைப்பேசிகள் அனைத்தும், பெற்றோருடையது உட்பட, கூடத்தில் ஓரிடத்தில் மின்னேற்றம் பெறட்டும்.

திருட்டுப் பதிப்புகளைத் தரவிறக்க வேண்டாம். கணினிக்குக் கேடு செய்யும் நச்சுநிரல்கள் அவற்றோடு வரக்கூடும்.

உள்நோயாளராகச் சேர்ந்துள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். எலும்பு முறிவு போன்ற காரணங்களால் பல நாட்கள் படுக்கையில் இருக்கும் பிள்ளைக்கு, வலியையும் சலிப்பையும் மறக்க இத்தகைய விளையாட்டு உதவக்கூடும். மருத்துவரிடம் கேட்டு, மடிக்கணினியைக் கொண்டுவரலாம். அடுத்த படுக்கையில் இருப்போரின் ஓய்விற்கு இடையூறு நேராதவாறு காதொலிப்பானைப் பயன்படுத்துங்கள். ஊசி ஏற்றியுள்ள கையால் சுட்டியைப் பிடிக்க வேண்டாம். இரவு விளக்கு அணைக்கும் நேரத்திற்குள் ஆட்டத்தைச் சேமித்து மூடிவிடுங்கள். கட்டிய கோட்டை காலையிலும் அங்கேயே இருக்கும். இது குறித்து மேலும் ஐயம் எழுமாயின், அடுத்த முறை வரும்போது தயங்காமல் முதலிலேயே கேளுங்கள். பிள்ளையையும் உடன் அமர்த்திக்கொண்டு பேசுவோம்.